சுருக்கம் காட்டும் இடம்: பெரிய உடம்புக்குத் துணி சரியாக உட்காராதபோது

குண்டாக இருப்பவர்கள் ஒல்லியாகத் தெரிய என்ன செய்யலாம் என்று தேடி வந்திருந்தால், அது இங்கே கிடைக்காது. கறுப்பு உடுத்துங்கள், நெட்டுக்கோடு போடுங்கள், பெரிய பூ வேண்டாம் என்ற பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நான் சேலத்தில் குகைப் பக்கம் லேடீஸ் டெய்லரிங் நடத்துகிறேன். நானும் 46 இஞ்ச்காரிதான். கடைக்கு வரும் பெரிய அளவுக்காரர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். போட்ட துணி இழுக்கிறது, ஏறுகிறது, வழிகிறது, பிளக்கிறது. எது எதனால், எதைப் பிரித்துச் சரி செய்யலாம், எதில் காசு போடக் கூடாது என்பதை அந்தக் குறைகளின் பெயரிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் குறை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

துணி எப்படிப் பேசும்

ரெடிமேட் துணியிலும் அவசரத் தையலிலும் நடப்பது ஒன்றுதான். மார்புச் சுற்றளவு ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதே கணக்கில் பெரிதாக்கிவிடுகிறார்கள். உடம்பு அப்படிப் பெருப்பதில்லை. 36 இஞ்ச் மார்பு 46 ஆகும்போது தோள் எலும்பு கூடவே அகலமாகிவிடாது. ஒருவருக்கு வயிற்றில் ஏறும், இன்னொருவருக்குக் கையில், மற்றொருவருக்கு இடுப்புக்குக் கீழே. அதனால்தான் மார்புக்குச் சரியாக எடுத்தால் தோள் வழிகிறது, தோளுக்குச் சரியாக எடுத்தால் கொக்கி பிளக்கிறது. இதில் உடம்பின் குற்றம் எதுவும் இல்லை.

கண்ணாடி முன்னால் நின்று சுருக்கங்களைப் பாருங்கள். படுக்கை வசத்தில் விறைப்பாகக் கோடுகள் ஓடினால் அந்த இடத்தில் சுற்றளவு பத்தவில்லை. நெட்டுக்கு மடிந்து தொளதொளவென்று தொங்கினால் சுற்றளவு அதிகம். குறுக்கே மடிந்து குவிந்து கிடந்தால் ஒன்று அங்கே நீளம் அதிகம், இல்லாவிட்டால் கீழே எங்கேயோ இறுகிப்போய் துணி மேலே ஏறி வந்திருக்கிறது. சாய்ந்து ஓடும் கோடு என்றால் அதன் முனை எங்கே போய் முட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. இந்த நாலும் தெரிந்தால் டெய்லரிடம் “என்னமோ சரியில்லை” என்று சொல்ல வேண்டியதில்லை. “இங்கே ஒரு இஞ்ச் வேண்டும்” என்று விரலை வைத்துக் காட்டலாம். காட்டினால் டெய்லரும் வாயை மூடிக்கொண்டு பிரிப்பார்.

முதலில் பாடியைப் பாருங்கள்

ஜாக்கெட் சரியில்லை என்று வருபவர்களில் பலருக்குக் கோளாறு உள்ளே போட்டிருக்கும் பாடியில்தான், அதாவது பிராவில்தான் இருக்கும். பின்பட்டி முதுகில் மேலே ஏறிக்கொண்டு போனால் பட்டி அளவு பெரிது. தோள்பட்டையில் வார் பள்ளம் பதித்தால், பாரத்தைப் பட்டி தாங்காமல் வார் தாங்குகிறது என்று அர்த்தம். கப்புக்கு மேலேயும் அக்குள் பக்கமும் சதை பிதுங்கினால் கப் சிறிது.

நம் ஊரில் எல்லோரும் செய்வது, இறுக்கமாக இருந்தால் 38-இலிருந்து 40-க்குப் போவது. அப்படிப் போனால் பட்டிதான் தளரும். உண்மையில் வேண்டியது பெரிய கப். 38சி, 36டி, 40பி மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஒன்றுதான், பட்டி நீளம் மட்டும் மாறும். அதனால் 38சி-யில் கப் பிதுங்குகிறது என்றால் 38டி கேளுங்கள். பிதுங்குகிறது, பட்டியும் ஏறுகிறது என்றால் 36-இல் டபுள் டி. சின்னக் கடைகளில் பி-யோடு நிறுத்திக்கொள்வார்கள், சி கேட்டாலே “அதெல்லாம் வராதுங்க” என்பார்கள். வரும். கொஞ்சம் பெரிய கடையில் தேடுங்கள்.

புது ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போகும் நாளில், அந்த ஜாக்கெட்டுக்குள் போடப் போகும் பாடியையே போட்டுக்கொண்டு போங்கள். பழசுக்கும் புதுசுக்கும் மார்பு முனை ஒரு இஞ்ச் ஏறி இறங்கும். டாட் எல்லாம், அதாவது மார்பு மேட்டுக்கு இடம் கொடுக்கத் துணியை உள்ளே கூராக மடித்துத் தைப்பதெல்லாம், அந்த முனையை வைத்துத்தான் பிடிக்கிறோம்.

“கொக்கிக்கு நடுவுல பிளக்குது”

வரும் குறைகளில் முக்கால்வாசி இதுதான். கோடைகால முகூர்த்தம் வந்துவிட்டால் சேஃப்டி பின்னோடு தான் கடைக்குள் நுழைவார்கள்.

முதலில் பக்கவாட்டில் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். பக்கமும் முதுகும் சேர்ந்து இறுக்கமாக இருந்தால் மொத்தச் சுற்றளவே பத்தவில்லை. இது சுலபம். பக்கத் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச் தள்ளித் தைத்தால் முன்துணியில் அரை, பின்துணியில் அரை என்று ஒரு இஞ்ச் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 2 இஞ்ச். சேலத்தில் பழைய டெய்லர்கள் ஒன்றரை இஞ்ச் வரை உள்ளே விட்டுத் தைப்பார்கள். இப்போது கால் இஞ்ச் விட்டு ஓவர்லாக் அடித்து முடித்துவிடுகிறார்கள், பார்க்க நீட்டாக இருக்கிறது என்று. பெரிய அளவுக்கு அந்த நீட்டு வேண்டாம். துணி கொடுக்கும்போதே “உள்ளே ஒன்றரை விடுங்கள்” என்று சொல்லி, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

பக்கம் தளர்வாக இருந்தும் நடுவில் மட்டும் பிளந்தால் கதை வேறு. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அண்ணன் மகள் சீருக்குக் கட்ட அரக்குப் பட்டு, ஜாக்கெட் வேறு இடத்தில் தைத்தது.

“அக்கா, ஒரு கிலோகூட ஏறலை. தைச்சு வாங்கின அன்னிக்கே இப்படித்தான். கேட்டா, கொஞ்சம் உடம்பைக் குறைங்கம்மாங்கறார்.”

“கையைத் தூக்கு கண்ணு. இப்ப கீழ விடு.”

முதுகுப் பக்கம் துணி நெட்டுக்கு மடிந்து நின்றது, மூன்று விரல் போனது. முன்னால் மேலிருந்து மூன்றாவது கொக்கி வளைந்து கண்ணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மார்பு முனையிலிருந்து அந்தக் கொக்கிக்கு விறைப்பாக நாலு கோடு. சுற்றளவு மொத்தத்தில் சரிதான், 44. ஆனால் முன்னுக்கு 22, பின்னுக்கு 22 என்று நடுவில் பாதியாக வெட்டியிருக்கிறார்கள். பெரிய மார்புக்காரருக்கு முன்பாகம்தான் அதிகம் வேண்டும். பக்கத் தையலைப் பிரித்து, முன்துணியில் உள்ளே இருந்ததில் முக்கால் இஞ்ச் வெளியே விட்டு, பின்துணியில் அதே முக்காலைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து முன்னால் ஒன்றரை இஞ்ச் கூடியது, மொத்த அளவு மாறவில்லை. கீழ் டாட்டை அரை இஞ்ச் ஆழமாக்கினேன். கொக்கி வரிசையையும் மாற்றி, மார்பு முனைக்கு நேர் எதிரே ஒன்று வருகிற மாதிரி வைத்தேன். அங்கே கொக்கி இல்லாமல் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைத்தால், எத்தனை இஞ்ச் விட்டாலும் நடுவில் வாய் திறக்கும். கொக்கிப் பட்டிக்குப் பின்னால் ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு ஒரு துணிப்பட்டியும் தைத்துவிட்டால், தப்பித் தவறி விலகினாலும் உள்ளே தெரியாது.

புதிதாகத் தைக்கிறீர்கள் என்றால் மார்புச் சுற்றளவு மட்டும் கொடுக்காதீர்கள். மேல் மார்பையும் எடுக்கச் சொல்லுங்கள், அதாவது அக்குளுக்கு அடியில், மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றி எடுப்பது. இரண்டுக்கும் 2 இஞ்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தோள், கழுத்து, கைக்குழி எல்லாம் மேல் மார்புக் கணக்கில் வெட்டி, மிச்சத்தை முன்பாகத்தில் டாட்டிலோ, டாட்டுக்குப் பதில் மார்பு வழியாக நெட்டுக்கு இணைப்புத் தையல் வரும் பிரின்சஸ் கட்டிலோ கொடுக்க வேண்டும். 42-க்கு மேல் என்றால் பிரின்சஸ் கட் நல்லது என்பேன், நாலு டாட்டும் நன்றாகத்தான் வரும். டாட்டின் முனை மார்பு முனைக்கு ஒரு இஞ்ச் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். முனை வரைக்கும் பிடித்தால் கூம்பு மாதிரி நிற்கும். துணியைச் சாய்வாகப் போட்டு வெட்டும் கிராஸ் கட் பெரிய அளவுக்கு நன்றாகப் பிடித்து உட்காரும், ஆனால் துணி அதிகம் தின்னும்.

அப்புறம் அளவு ஜாக்கெட். பழைய ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து “இதே அளவுக்குத் தைங்க” என்பது நம் வழக்கம். அதில் இருக்கும் கோளாறும் அதே அளவுக்கு வந்து சேரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“மார்பு டைட், தோள் மட்டும் வழியுது”

மேலே சொன்ன மேல் மார்புக் கணக்கைப் பார்க்காததன் பலன் இது. தைத்துவிட்டதைச் சரி செய்ய: பின்கழுத்து அகலமாக இருந்தால் இரண்டு தோளையும் இணைத்துக் கயிறு கட்டச் சொல்லுங்கள். குஞ்சலம் வேண்டாம் என்றால் மெல்லிய பட்டி போதும். தோள் தையலில் கால் இஞ்ச் மடித்துப் பிடித்தால் முன்கழுத்துத் தொங்கலும் போகும். ஆனால் அப்போது கைக்குழியும் கால் இஞ்ச் மேலே ஏறும், ஏற்கனவே அக்குள் இறுக்கமாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

பெரிய அளவுக்காரர்கள் பின்கழுத்தை இறக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. தாராளமாக இறக்கலாம். ஆழமும் அகலமும் ஒன்றாக வேண்டாம் என்பதுதான் விஷயம். ஆழமாக வேண்டும் என்றால் அகலத்தைக் குறையுங்கள், தோள் தன் இடத்தில் நிற்கும்.

“கையைத் தூக்க முடியல”

இதற்கு டெய்லர் செய்யும் வைத்தியம் கைக்குழியைக் கீழே வெட்டி இறக்குவது. பெரும்பாலும் இது எதிர்மறையாகத்தான் போகும். கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே கூடத் தூக்கிக்கொண்டு போகும். அக்குளுக்கு ஒட்டி மேலே இருக்கும் கைக்குழிதான் கை தூக்க வசதி. பத்தாதது கைத்துணியின் அகலம். மேற்கையின் தடித்த இடத்தில் டேப் சுற்றி, அதற்கு மேல் ஒரு இஞ்சாவது தளர்வு இருக்க வேண்டும். கை வேலை அதிகம் செய்பவர் என்றால் ஒன்றரை.

தைத்த ஜாக்கெட்டில் கைத் தையலுக்குள் துணி இல்லையென்றால், அக்குளில் கைத் தையலும் பக்கத் தையலும் சந்திக்கும் இடத்தைத் திறந்து, டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டு வைக்கலாம். 3 இஞ்ச் துண்டு போதும். கையைக் கீழே விட்டால் வெளியே தெரியாது.

கை நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கையின் தடித்த இடத்தில் போய் ஜாக்கெட் கை முடியும்போதுதான் விளிம்பு சதையில் பதிந்து கோடு விழுகிறது. அதற்கு மேலே நிறுத்துங்கள், இல்லை முழங்கை வரை இறக்குங்கள். குட்டைக் கை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம். நான் போடுகிறேன்.

முழங்கை வரை வேண்டும் என்றால் துணி கணக்கு இடிக்கும். சேலையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். 46 மார்புக்கு முழங்கைக் கை வைத்து, உள்ளே ஒன்றரை விட்டுத் தைக்க இது பத்தாது. ஒரு மீட்டர் வேண்டும். இளம்பிள்ளையில் சேலை எடுப்பவர்கள் அங்கேயே விரித்து, ஜாக்கெட் பகுதி எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். பத்தாது என்றால் இரண்டு வழி. ஜாக்கெட்டின் உடல் பாகத்துக்குப் பொருத்தமான வேறு துணி ஒரு மீட்டர் வாங்கி, சேலையோடு வந்த துணியைக் கைக்கு மட்டும் வைப்பது ஒன்று. பட்டு என்றால் பார்டரைக் கையின் விளிம்புக்கு வைத்து, முதுகில் நடுத் தையல் கொடுத்து இணைப்பது இன்னொன்று. முதல் வழி பார்க்கவும் நன்றாக இருக்கும்.

“முன்னால மேல ஏறிக்கிட்டே போகுது”

ஜாக்கெட்டின் கீழ்ப்பட்டி மார்புக்கு அடியில் உட்காராமல் மார்பின் மேலேயே ஏறி நிற்கும். அரை மணிக்கு ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பீர்கள். முன் நீளம் பத்தவில்லை, அவ்வளவுதான். தோள்-கழுத்து சேரும் இடத்திலிருந்து மார்பு முனை வழியாக, மார்புக்கு அடி வரைக்கும் டேப்பை உடம்போடு ஒட்டி இறக்கி எடுக்க வேண்டும். நேராகத் தொங்கவிட்டு எடுத்தால் மேடு கணக்கில் வராது. இருப்பதைச் சரி செய்ய, கீழ்ப்பட்டியைப் பிரித்து அதைவிட அகலமான பட்டி ஒன்று வைக்க வேண்டும். சேலைக்குள் மறைந்துவிடும்.

“கொசுவம் ரெண்டு மூணுதான் வருது, வயித்துகிட்ட மூட்டையா நிக்குது”

சேலை எல்லோருக்கும் ஒரே நீளம், ஐந்தரை மீட்டர். சேலை உடம்பைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு சுற்று வருகிறது. இடுப்பு 10 இஞ்ச் அதிகமென்றால் 20 இஞ்ச் அதிலேயே போய்விடும். 5 இஞ்ச் அகலக் கொசுவம் ஒன்றுக்கு 10 இஞ்ச் துணி வேண்டும். ஆக இரண்டு கொசுவம் குறையும். இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் சமாளிக்கலாம். கொசுவத்தை 4 இஞ்சாகச் சுருக்குங்கள், எண்ணிக்கை கூடும். முந்தானையை முழங்காலுக்குக் கீழே தொங்கவிடுவதைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், அங்கிருந்தும் துணி கிடைக்கும்.

மூட்டையாக நிற்பதற்குப் பெரும்பாலும் பாவாடைதான் காரணம். நாடாவை இழுத்துக் கட்டும்போது சுருக்கமெல்லாம் முன்னால் வயிற்றில் வந்து சேர்கிறது, அதன் மேல் கொசுவம், அதன் மேல் செருகல். சுருக்கம் முழுவதையும் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு முன்பக்கத்தைச் சமமாக இழுத்துவிட்டுப் பாருங்கள், பாதி குறையும். ஆறு பாகம் வைத்து, இடுப்பில் ஒட்டி கீழே விரியும் பாவாடை தைத்துக்கொண்டால் மீதியும் குறையும். கடையில் விற்கும் ஒட்டுப் பாவாடை எடுத்தால் அதைப் போட்டுக்கொண்டு படி ஏறிப் பார்த்து எடுங்கள். சேலம் பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க முடியவில்லை என்றால் அது எதற்கு?

கயிற்று நாடாவுக்குப் பதில் ஒரு இஞ்ச் அகலத் தட்டை நாடா போடுங்கள். தினமும் சேலை கட்டுபவர்கள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி, இடுப்பில் தோல் கறுத்துத் தடித்துப் போயிருப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். இடத்தை அவ்வப்போது மேலே கீழே மாற்றுங்கள். அந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்தச் சேலை என்று கேட்டால், கையில் எடுத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். கீழே விழும் துணி உடம்போடு போகும், விறைத்து நிற்கும் துணி உடம்பை விட்டுத் தள்ளி நிற்கும். சாஃப்ட் சில்க், பழகிய பருத்தி, ஜார்ஜெட் எல்லாம் விழும் ரகம். கஞ்சி போட்ட காட்டன் பிடிக்கும் என்றால் கட்டுங்கள், கஞ்சியைப் பாதியாக்குங்கள், அவ்வளவுதான். நிறத்தைப் பற்றி என்னிடம் சட்டம் எதுவும் இல்லை. மாம்பழ மஞ்சள் பிடித்தால் மாம்பழ மஞ்சள்.

“சுடிதார் ஸ்லிட் ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்குது”

டாப்ஸ் மார்புக்குச் சரி, இடுப்புக்குப் பத்தவில்லை. வயிற்றுக்கு மேலே குறுக்கே மடிப்பு விழுந்தால் அதே கோளாறுதான், கீழே வழியில்லாமல் துணி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பலர் மடிப்பைப் பார்த்துவிட்டு “லூசா இருக்கு, பிடிச்சுக் கொடுங்க” என்று கொண்டு வருகிறார்கள். பிடித்தால் இன்னும் ஏறும். பக்கத்தை விட வேண்டும்.

ரெடிமேட் எடுக்கும்போது உங்கள் உடம்பில் எது பெரியதோ அதற்கு எடுங்கள். இடுப்பு பெரியது என்றால் இடுப்புக்கு எடுத்து, தோளையும் பக்கத்தையும் பிடிக்கக் கொடுங்கள். பெரிதைச் சின்னதாக்க எந்த டெய்லராலும் முடியும். மேலிருந்து கீழே விரிந்துகொண்டு போகும் ஏ லைன் எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. அனார்கலி மாடல் என்றால் மேல்பாகமும் பாவாடையும் சேரும் தையல் மார்புக்கு அடியில் வருகிறதா என்று பாருங்கள். பெரிய மார்புக்காரர்களுக்கு அது மார்பின் மேலேயே வந்து நிற்கும், எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் நன்றாக இருக்காது.

டபுள் எக்ஸ்எல், டிரிபிள் எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி 2 இஞ்ச் மாறும். கைப்பையில் ஒரு இஞ்ச் டேப் போட்டுக்கொள்ளுங்கள். டாப்ஸை மேஜையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். நீளாத துணி என்றால் உங்கள் மார்பைவிட 3 இஞ்சாவது கூட இருக்க வேண்டும், இடுப்பில் 4. இடுப்பளவை உட்கார்ந்துகொண்டு எடுங்கள், நின்றால் வரும் அளவு உட்கார்ந்தால் வராது. ஆன்லைனில் வாங்கினால், அவர்கள் போட்டிருக்கும் அளவு உடம்பின் அளவா துணியின் அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

“பேன்ட் கவட்டுல கிழியுது, தொடை உரசுது”

கவட்டுத் தையல் ஒரே இடத்தில் அடிக்கடி பிரிந்தால் நூல் மேல் பழி போடாதீர்கள். முன் இடுப்பிலிருந்து கால் நடுவே போய்ப் பின் இடுப்பு வரை வரும் நீளம் பத்தவில்லை. உட்காரும்போது பின்னால் இறங்கினால் அதற்கும் காரணம் இதே. பழைய காலச் சல்வாரில் கவட்டில் தனித் துண்டு வைத்துத் தைப்பார்கள், அதை வைத்துக் கொடுக்கச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. இடுப்பு எலாஸ்டிக் ஒன்றரை இஞ்ச் அகலம் இருக்கட்டும், மெல்லியது சுருண்டு வயிற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

தொடை உரசலுக்கு, சேலைக்குள்ளும் சரி சுடிதாருக்குள்ளும் சரி, முழங்கால் வரையிலான பருத்தி ஷார்ட்ஸ். சித்திரை வெயிலில் ஐந்து ரோட்டிலிருந்து நடந்தே போகிறவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் அரிப்பும் வட்டமான படையும் வந்தால், மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு க்ரீம் வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் படை அடங்குவதுபோல் அடங்கிப் பரவும்.

“துவைச்சதும் டைட் ஆயிடுச்சு”

பருத்தித் துணியையும் லைனிங்கையும் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். 3 சதவீதம் சுருங்கினாலும் 44 இஞ்சில் அது ஒன்றேகால் இஞ்சுக்கு மேல். சின்ன அளவுக்காரர்களைவிட நமக்கு இழப்பு அதிகம். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே உப்பும். லைனிங்கில் சிக்கனம் பார்க்க வேண்டாம், பருத்தியே போடுங்கள். பாலியஸ்டர் லைனிங் சேலத்து வெயிலுக்குத் தண்டனை.

ஏற்காட்டுக்கு மட்டும் ஒன்று

மேலே குளிரும் என்று ஸ்வெட்டர் எடுத்துப்போய், பட்டன் போட முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். பட்டன் போட வேண்டியதே இல்லாத, முன்பக்கம் திறந்த, தொடை வரை வரும் பின்னல் மேல்சட்டை எடுங்கள். கைக்குழி மட்டும் பார்த்தால் போதும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் வரைக்கும் உட்கார்ந்தே போக வேண்டும், வயிற்றை இறுக்கும் எதையும் அன்றைக்குப் போடாதீர்கள்.

வீட்டு ஆண்களுக்கு

சட்டையில் வயிற்றுப் பட்டன் வாய் திறக்கிறது என்று இரண்டு சைஸ் பெரிது வாங்கி, தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். தோளுக்குத் தைத்து வயிற்றுக்கு விரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வேட்டி விஷயம் நீளம்தான். நாலு முழம் ஏறக்குறைய 2 மீட்டர், 48 இஞ்ச் இடுப்பைச் சுற்றினால் மேலே மடிந்து வர அதிகம் மிஞ்சாது, நடந்தால் விலகும். எட்டு முழத்துக்குப் போய்விடுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய நம் வெண்பட்டு வேட்டி வழுக்கும், இடுப்பில் துணி பெல்ட் இல்லாமல் முகூர்த்தம் முடியும் வரை தாங்காது.

“உங்க சைஸ் இல்லைக்கா”

இதுவும் ஒரு கோளாறுதான், தையலில் அல்ல. முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதிப் பக்கம் எந்தக் கடைக்குள் போனாலும் விற்கும் பெண் நம்மை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, டேப்பைத் தொடாமலே சொல்லிவிடும். கோபப்பட வேண்டாம், நகரவும் வேண்டாம். “மார்பு 48 இஞ்ச் வர்ற டாப்ஸ் காட்டும்மா, எழுத்து எதுவா இருந்தாலும் பரவாயில்ல” என்று எண்ணில் கேளுங்கள். எண் சொன்னால் அந்தப் பெண்ணுக்கும் தேடுவது சுலபம். மேலே மாடியில் இருந்து இரண்டு டாப்ஸாவது வரும். டிரையல் ரூம் இல்லாத, திருப்பி எடுக்காத ஆடித் தள்ளுபடியில் தைத்த துணி எடுக்காதீர்கள், சேலையும் மீட்டர் துணியும் எடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் டெய்லர்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டியதை அப்போதே அளந்து கொடுத்துவிடலாம். தீபாவளிக்கு முன்னால் வந்து நின்று பொறுமையாக அளவெடுக்கச் சொன்னால் யாருக்கு முடியும்?

தைத்ததை வாங்கும்போது கடையிலேயே போட்டுப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, காசு கொடுக்கிறீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், உட்காருங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள், முன்னால் யாரையோ கட்டிப்பிடிப்பதுபோல் கையைக் குறுக்கே போடுங்கள். எந்த இடத்தில் பிடிக்கிறதோ அங்கேயே சாக்குக்கட்டியால் குறி போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பிரித்தும் பயனில்லாதவை

கைக்குழி அகலமாக வெட்டப்பட்டுவிட்டது, கழுத்து அகலமாகப் போய்விட்டது என்றால் துணியை ஒட்டவைக்க முடியாது. உள்ளே கால் இஞ்ச்தான் இருக்கிறது, வேண்டியது மூன்று இஞ்ச் என்றால் பக்கத்தில் அக்குளிலிருந்து கீழ்ப்பட்டி வரை வேறு துணியில் நீளத் துண்டு வைக்கலாம், கை கீழே இருக்கும்போது தெரியாது. அதைத் தாண்டி இழுக்காதீர்கள். பட்டில் பழைய தையலைப் பிரித்தால் ஊசித் துளை வரிசையாக நிற்கும், இஸ்திரி போட்டாலும் முழுதாகப் போகாது. அப்படிப்பட்ட ஜாக்கெட்டில் கைப் பார்டரையும் முதுகுத் துணியையும் மட்டும் வெட்டி எடுத்து, புது ஜாக்கெட்டுக்குக் கையாகவும் கீழ்ப்பட்டியாகவும் வைக்கச் சொல்லுங்கள். சேலையோடும் சேரும், பட்டும் வீணாகாது.